பழைய பாடப்புத்தகத்தில் ஆட்டோகேட் கற்று, மோட்டார் பிளேட் வெட்டியது வரை

ஊரில் மாமனார் வீட்டில் மாட்டுத் தீவனம் நறுக்கும் சாஃப் கட்டருக்கு மோட்டார் பிளேட், அதாவது மோட்டார் உட்காரும் இரும்புத் தகடு, மாட்டியாயிற்று. நான்கு ஸ்லாட்டிலும் (நீள ஓட்டை) போல்ட் தடையில்லாமல் நகர்கிறது, பெல்ட் வேண்டிய அளவுக்கு இறுகுகிறது. அந்த பிளேட்டின் டிராயிங்கை நானே ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் வரைந்தேன். ஆட்டோகேடைக் கற்றது உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் 150 ரூபாய்க்கு வாங்கிய ஒரு பாடப்புத்தகத்தை வைத்து. புத்தகத்தை வைத்துக் கற்க முடியுமா என்று என்னிடம் கேட்டவர்கள் நிறைய. முடியும். ஆனால் எந்த இடத்தில் புத்தகமும் இன்றைய மென்பொருளும் ஒத்துப்போகாது என்று முன்னமே தெரிந்திருந்தால் பாதி நேரம் மிச்சம். அதனால்தான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

நான் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் உதிரிபாகக் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். டிராயிங் பார்த்து வேலை செய்வது தினமும் உண்டு, வரைந்தது கிடையாது. ஷிஃப்ட் முடிந்ததும் டிராயிங் செக்‌ஷனில் காலியாக இருக்கும் ஒரு சிஸ்டத்தில் உட்கார அங்கே இருக்கிற அண்ணன் அனுமதி வாங்கிக் கொடுத்தார். பிளேட்டையும் அங்கேயே வரையலாமா என்று தனியாகக் கேட்டுக்கொண்டேன். வீட்டில் பழைய லேப்டாப்பில் லிப்ரேகேட் போட்டிருக்கிறேன். காசு கிடையாது, ஆயத்தொலைகளை ஆட்டோகேட் போலவே டைப் செய்யலாம், ஆனால் டி.எக்ஸ்.எஃப் என்ற வரைபடக் கோப்பு வகையில்தான் சேமிக்கும். பயிற்சிக்கு அது போதும்.

புத்தகம் ஆட்டோகேட் 2000 பதிப்புக்காக எழுதிய அமெரிக்கப் பாடப்புத்தகம். இவ்வளவு பழையதை வாங்கி என்ன பயன் என்றுதான் கடையில் நின்றபோது எனக்கும் தோன்றியது. ஆனால் பக்கங்களைப் புரட்டியபோது ஒரு விஷயம் பிடித்துப்போனது. எல்லாக் கட்டளையும் விசைப்பலகையில் டைப் செய்து, அடுத்து மென்பொருள் என்ன கேட்கும், நாம் என்ன பதில் கொடுக்க வேண்டும் என்று வரிவரியாக அச்சிட்டிருந்தார்கள். டூல்பார் படங்கள் உள்ள பக்கங்கள்தான் இன்றைக்கு உதவாது. மேலே ரிப்பன் என்ற பொத்தான் பட்டை வந்த பிறகு அந்தப் பொத்தான்கள் எல்லாம் இடம் மாறிவிட்டன. டைப் செய்யும் கட்டளைகள் மாறவில்லை. 1982-இல் முதல் பதிப்பு வந்தபோது இருந்த லைனும் சர்க்கிளும் இன்றும் அதே பெயரில் வேலை செய்கின்றன. பழைய புத்தகம் வாங்குவதாக இருந்தால் இதை மட்டும் பாருங்கள்: கட்டளை வரிகளை அச்சிட்டிருக்கிறதா, அல்லது ‘இந்தப் பொத்தானை அழுத்து’ என்று படம் போட்டிருக்கிறதா. இரண்டாவது ரகம் என்றால் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

முதல் பயிற்சி ஒரு செவ்வகம். 2,2 என்ற புள்ளியில் தொடங்கி 8,2 அப்புறம் 8,5 அப்புறம் 2,5 என்று கொடுத்து சி அடித்து மூட வேண்டும். அப்படியே டைப் செய்தேன், திரையில் வந்தது மேல்நோக்கிச் சாய்ந்து இழுபட்ட ஏதோ ஒரு வடிவம். கோட்டின் முனைகளில் கர்சரை வைத்து ஆயத்தொலைகளைப் பார்த்தால் 10,4 அடுத்தது 18,9 அடுத்தது 20,14. கொஞ்ச நேரம் நோட்டில் எழுதிப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. நான் கொடுத்த ஒவ்வொரு எண்ணையும் முந்தைய புள்ளியோடு கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. காரணம், 2006 பதிப்பில் வந்த டைனமிக் இன்புட். அது இயங்கும்போது இரண்டாவது புள்ளியிலிருந்து எல்லாமே சார்பு ஆயத்தொலை, அதாவது @ குறி போடாமலே போட்ட மாதிரி. புத்தகம் எழுதிய காலத்தில் இந்த வசதியே கிடையாது, எனவே அதில் ஒரு வார்த்தை இல்லை. எஃப் 12 அழுத்தினால் அணைந்துவிடும், இல்லையென்றால் டைன்மோட் என்று அடித்து 0 கொடுக்கலாம். அதை அணைத்தபின் புத்தகத்தில் உள்ள அத்தனை ஆயத்தொலைப் பயிற்சியும் அச்சில் இருப்பது போலவே வந்தன. டைனமிக் இன்புட்டை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு புள்ளிக்கு மட்டும் நேரடி ஆயத்தொலை வேண்டுமானால் எண்ணுக்கு முன்னால் # போட வேண்டும்.

இரண்டாவது முட்டல், வேண்டாத கோட்டை வெட்டி எடுக்கும் டிரிம் கட்டளை. வெட்டும் எல்லைக் கோட்டை முதலில் தேர்ந்தெடு, என்டர் அடி, அப்புறம் வெட்ட வேண்டியதைத் தொடு என்கிறது புத்தகம். 2021 பதிப்பிலிருந்து வரைபடத்தில் உள்ள எல்லாமே எல்லைதான், தொட்ட உடனே வெட்டிவிடும். நான் எல்லையாகத் தேர்ந்தெடுக்கத் தொட்ட கோடே போய்விடும். டிரிம்எக்ஸ்டெண்ட்மோட் என்பதற்கு 0 கொடுத்துப் பழைய முறைக்கு மாற்றிக்கொண்டேன். அந்த அத்தியாயத்தை முடித்த பிறகு திரும்ப 1-க்கே வந்துவிட்டேன், புது முறை உண்மையிலேயே வேகம். ஆனாலும் பழைய முறையில் கற்றது நல்லது என்பேன், ஏனென்றால் எந்தக் கோடு எதை வெட்டுகிறது என்று மனது யோசித்துப் பழகிவிடுகிறது.

மூன்றாவது அங்குலம். ஆட்டோகேட் புதுக் கோப்பு திறக்கும்போது எந்த டெம்ப்ளேட் (தொடக்க மாதிரிக் கோப்பு) வேண்டும் என்று கேட்கும். பெயரில் ஐ.எஸ்.ஓ என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் மி.மீ., இல்லாததை எடுத்தால் அங்குலம். அங்குல டெம்ப்ளேட்டில் மி.மீ. எண்களைப் போட்டு வரைந்தால் கோடுகள் சரியாக வரும், மற்ற எல்லாம் சொதப்பும். அளவு எழுத்தின் உயரம் அதில் 0.18, எனவே 200 மி.மீ. பாகத்தின் பக்கத்தில் அது எறும்பு போலத் தெரியும். சென்டர் லைன் இடைவெளியே இல்லாமல் முழுக்கோடாகத் தெரியும், கோட்டின் இடைவெளிகளைப் பெரிதாக்கும் எல்.டி.ஸ்கேலை 25.4 ஆக்கினால்தான் கோடும் புள்ளியுமாகப் பிரியும். இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டிருப்பதற்குப் பதில் முதலிலேயே சரியான டெம்ப்ளேட்டில் தொடங்குவதுதான் வழி. ஐ.எஸ்.ஓ அளவு பாணியில் எழுத்து உயரம் 2.5, அது ஏ 4, ஏ 3 தாளுக்குப் பொருத்தமாக இருக்கிறது.

புத்தகத்துப் பயிற்சிகளின் அளவை என்ன செய்வது என்று கேட்டால், நான் 25.4 ஆல் பெருக்கவில்லை. பெருக்கினால் 3/8 அங்குலம் 9.525 ஆகும், அரை மணி நேரம் தசமத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். பயிற்சிப் பாகத்தை யாரும் கடைசல் பிடிக்கப் போவதில்லை, எனவே ஓர் அங்குலத்துக்கு 24 மி.மீ. என்று வைத்துக்கொண்டேன். 1/8 என்பது 3 ஆகிவிடும், 1/16 என்பது 1.5, 3/8 என்பது 9. வரைபடம் முழுக்க சுத்தமான எண்கள். இதை எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறேன்.

அடுத்து வந்ததுதான் எனக்கு மிகவும் உதவிய வேலை. அமெரிக்கப் புத்தகம் என்பதால் எல்லா வரைபடத்திலும் ஒரு பாகத்தின் பார்வைகளை மூன்றாம் கோணம் என்ற முறையில் அடுக்கியிருக்கிறது. மேல்பார்வை முன்பார்வைக்கு மேலே, வலப்பக்கப் பார்வை வலப்பக்கம். நம் ஊரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். வழியில் முதல் கோணம், மேல்பார்வை முன்பார்வைக்குக் கீழே வரும், இடப்பக்கத்திலிருந்து பார்ப்பது வலப்பக்கம் வரும். முதல் சில பயிற்சிகளைப் புத்தகத்தில் உள்ளபடியே நகலெடுத்தேன். வேகமாக முடிந்தது, கட்டளைகள் கைக்கு வந்தன, ஆனால் பாகத்தின் உருவம் மனதில் நிற்கவில்லை. அப்புறம் ஒவ்வொன்றையும் முதல் கோணத்துக்கு மாற்றி வரைவது என்று முடிவு செய்தேன். ஒரு எல் வடிவ பிராக்கெட், நடுவில் ரிப் (வலுவுக்கு நிற்கும் தகடு), கீழே இரண்டு ஓட்டை. புத்தகத்தில் வலப்பக்கப் பார்வைதான் இருக்கிறது. எனக்கு வேண்டியதோ இடப்பக்கத்திலிருந்து பார்ப்பது. ரிப் அந்தப் பக்கத்திலிருந்து தெரியுமா, மறைந்து புள்ளிக்கோடாக வருமா? கண்ணை மூடிக்கொண்டு பாகத்தைத் திருப்பிப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும். இங்கே பார்வைகளை வெறுமனே இடம் மாற்றி வைத்தால் தப்பாகிவிடும். இந்த ஒரு மாற்றத்தால் புத்தகம் இரண்டு மடங்கு பயன் தந்தது என்று சொல்வேன். இந்தியப் புத்தகம் வாங்கியிருந்தால் இந்தப் பயிற்சி கிடைத்திருக்காது.

கட்டளை அடிக்கும் முன் ஒரு நோட்டில் கையால் படம் போட்டு, ஒவ்வொரு மூலைக்கும் ஆயத்தொலை எழுதிக்கொள்வது என்றும் வைத்துக்கொண்டேன். புத்தகம் இதை முதல் சில அத்தியாயங்களோடு நிறுத்திவிடுகிறது, நான் கடைசி வரை விடவில்லை. ஆஃப்செட் (இணைகோடு போடுவது), மிர்ரர் (கண்ணாடி நகல்), ஃபில்லெட் (மூலையை வளைப்பது) வந்த பிறகு எழுத வேண்டிய புள்ளிகள் குறைந்துகொண்டே வரும். ஒரு பாகத்துக்கு எத்தனை புள்ளி தெரிந்தால் மிச்சத்தையெல்லாம் மிர்ரரிலேயே எடுத்துவிடலாம் என்று தேடுவதில் ஒரு ருசி இருக்கிறது. முப்பரிமாண அத்தியாயங்களைத் தொடவில்லை.

சரி, பிளேட்டுக்கு வருவோம். மோட்டார் 1 எச்.பி., காலில் நிற்கிற ரகம், பெயர்ப்பலகையில் ஃப்ரேம் 80 என்று இருந்தது. அந்த ஃப்ரேமுக்கு ஷாஃப்ட் மையத்தின் உயரம் 80 மி.மீ., கால் ஓட்டைகளின் இடைவெளி ஷாஃப்டுக்குக் குறுக்கே 125, ஷாஃப்ட் வாக்கில் 100, ஓட்டை 10. அட்டவணையை நம்பிவிடாமல் வெர்னியர் வைத்தும் பார்த்தேன். இரண்டு ஓட்டைகளின் மைய தூரத்தை அளக்க ஒரு சுலப வழி, வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு ஓர் அளவு, உள் விளிம்புக்கு உள் விளிம்பு ஓர் அளவு எடுத்து, கூட்டி இரண்டால் வகுப்பது. வெளியே 135.1, உள்ளே 114.9, மையம் 125.0. ஓட்டையின் விட்டம் தேய்ந்து பெரிதாகியிருந்தாலும் இந்தக் கணக்கு கெடாது.

முதல் வரைபடத்தில் பிளேட் 220க்கு 160, தடிமன் 6. மோட்டார் போல்ட் எம் 8 (8 மி.மீ.), எனவே ஸ்லாட் அகலம் 9. பெல்ட்டை இறுக்க மோட்டார் ஷாஃப்டுக்குக் குறுக்கே நகர வேண்டும், ஆகவே ஸ்லாட்டும் அதே திசையில், அரைவட்ட மையங்களுக்கு இடையே 40. பிளேட்டைச் சட்டத்தோடு பிணைக்க எம் 10 போல்ட்டுக்கு 11 மி.மீ. ஓட்டை நான்கு, 190க்கு 130 இடைவெளியில். பிளேட்டின் நடுப்புள்ளியை 0,0 என்று வைத்ததால் கால்வாசி வரைந்தால் போதும். ஒரே ஒரு ஸ்லாட், ஒரே ஒரு ஓட்டை, ஒரு மூலைக்கு 10 மி.மீ. ஆரத்தில் ஃபில்லெட். இரண்டு மிர்ரரில் முழு பிளேட்டும் வந்துவிட்டது.

தகட்டை வெட்டும் லேசர் கடைக்கு அனுப்பும் முன் தாளில் ஒன்றுக்கு ஒன்று அச்செடுத்து மோட்டாரை அதன்மேல் வைத்துப் பார்க்கலாம் என்று எடுத்துப்போனேன். முதல் தாளில் 125 இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டீல் ஸ்கேல் 121 சொச்சம் காட்டியது. ஆட்டோகேடில் ஸ்கேல் 1:1 சரியாகத்தான் இருந்தது. பி.டி.எஃப்.ஆக மாற்றி, அதைத் திறந்து அச்சடித்தபோது ‘தாளுக்குப் பொருத்து’ என்ற தேர்வு எல்லாவற்றையும் சுமார் 97 விழுக்காட்டுக்குச் சுருக்கிவிட்டது. அங்கே ‘உண்மை அளவு’ என்று மாற்ற வேண்டும். அன்றிலிருந்து எந்தத் தாள் அச்செடுத்தாலும் ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்று போட்டு வைக்கிறேன், ஸ்கேலை அதில் முதலில் வைத்துவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பது.

சரியான தாள் வந்தது. தரையில் ஒட்டி, மோட்டாரைத் தூக்கி வைத்தேன். நடுவில் வைத்தால் கால் ஓட்டைகள் ஸ்லாட்டுக்கு மேலே கச்சிதமாக உட்கார்ந்தன. ஸ்லாட்டின் கோடி வரை நகர்த்திப் பார்த்தால் மோட்டாரின் கால் எம் 10 ஓட்டையின் வட்டத்தையே மூடிவிட்டது. அதாவது அங்கே போல்ட் தலை இருந்தால் மோட்டார் அதில் முட்டி நிற்கும். மோட்டார் காலின் மொத்த அகலம் 156, மையத்திலிருந்து 78. எம் 10 வாஷரின் விட்டம் 20, எனவே அதன் உள் விளிம்பு மையத்திலிருந்து 85-இல் இருக்கிறது. ஆக ஒரு பக்கம் 20 நகர வேண்டிய மோட்டார் 7-இலேயே நின்றுவிடும். திரையில் இது எனக்குத் தெரியவே இல்லை, ஏனென்றால் நான் வரைந்தது மோட்டாரின் ஓட்டைகளை மட்டும்தான், மோட்டாரை அல்ல. பாடப்புத்தகத்தில் ஒவ்வொரு பாகமும் வெள்ளைத் தாளில் தனியாக மிதக்கிறது, பக்கத்தில் எது வந்து உட்காரும் என்ற கேள்வியே அதில் எழுவதில்லை. புத்தகத்தில் எனக்குக் குறையாகப் பட்டது இது ஒன்றுதான்.

திரும்ப வரைந்தேன். இந்த முறை மோட்டார் காலின் வெளிக்கோட்டை வேறு நிறத்தில் ஒரு தனி லேயரில் (அடுக்கில்) போட்டு, இரண்டு கோடிகளுக்கும் நகல் எடுத்து வைத்தேன். வாஷரையும் வட்டமாகப் போட்டேன். பிளேட் 260க்கு 160 ஆனது, எம் 10 ஓட்டைகள் 230க்கு 130. வாஷர் விளிம்பு 105, மோட்டாரின் கால் ஸ்லாட்டின் கடைசிக்குப் போனாலும் 98. இடையில் 7 மி.மீ. நிம்மதியாக இருக்கிறது, ஸ்பேனரும் போகும். தாள் அச்செடுத்து மறுபடி மோட்டாரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

லேசர் கட்டிங் கடையில் கேட்டதற்கு, “ஆர் 12-ல சேவ் பண்ணிக் கொடுங்க, டைமென்ஷன், சென்டர் லைன், டைட்டில் பிளாக் ஒண்ணும் இருக்கக் கூடாது, வெட்டுற கோடு மட்டும்” என்றார் ஆபரேட்டர். ஆர் 12 என்பது ஒரு பழைய ஆட்டோகேட் பதிப்பின் கோப்பு வகை. இதற்கென்று கோப்பை வேறு பெயரில் சேமித்து, மற்ற லேயர்களையெல்லாம் அழித்தேன். மெஷினுக்குப் போகிற கோப்பில் ஒரே இடத்தில் இரண்டு கோடு இருந்தால் லேசர் அந்த வழியில் இரண்டு முறை போகும், காசும் கூடும், விளிம்பும் கெடும். மிர்ரர் அடிக்கும்போது நடுக்கோட்டைத் தொடுகிற இடத்தில் இப்படி இரட்டைக் கோடு வருவது சகஜம். ஓவர்கில் என்று ஒரு கட்டளை இருக்கிறது, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அதை ஓட்டினால் மேலுக்கு மேல் இருப்பதை நீக்கி எத்தனை நீக்கியது என்றும் சொல்லும். அப்புறம் பி-எடிட் கட்டளையில் ஜாயின் கொடுத்து வெளிக்கோட்டையும் ஒவ்வொரு ஸ்லாட்டையும் ஒரே தொடர்கோடாக (பாலிலைன்) ஆக்க வேண்டும். முடித்த பிறகு லிஸ்ட் அடித்தால் மூடியதா திறந்ததா என்று காட்டும். ஒரு ஸ்லாட் திறந்தே இருந்தது, ஜூம் செய்துகொண்டே போனால் கோட்டுக்கும் வில்லுக்கும் நடுவில் 0.02 மி.மீ. சந்து. கண்ணுக்குத் தெரியாத சந்துதான், ஆனால் லேசர் மென்பொருளுக்கு அது மூடாத வடிவம். கோட்டின் முனையைத் தானாகப் பிடிக்கும் ஆஸ்னாப் வசதி இல்லாமல் கண்மதிப்பில் முனையைத் தொட்டால் இப்படித்தான் வரும். எண்ட்பாயிண்ட், இன்டர்செக்‌ஷன், சென்டர், குவாட்ரண்ட் இந்த நான்கையும் எப்போதும் இயக்கத்திலேயே வைத்துவிடுங்கள். எல்லா ஆஸ்னாப்பையும் இயக்கி வைப்பதும் தொல்லை, வேண்டாத இடத்தில் பிடித்துக்கொள்ளும்.

ஒன்றை வரிசையாக நகலெடுக்கும் அர்ரே கட்டளையைப் பயன்படுத்தி ஓட்டைகள் போடுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். 2012 பதிப்பிலிருந்து, அமைப்பை மாற்றாவிட்டால், அர்ரே செய்தவை எல்லாம் ஒரே கட்டாக இணைந்தே நிற்கும். லேசருக்கு அனுப்பும் முன் எக்ஸ்ப்ளோட் செய்து தனித்தனி வட்டங்களாக்கிவிடுவது பாதுகாப்பு.

லேசர் உருக்கி எடுக்கும் அகலத்துக்காக ஓட்டையைச் சிறிதாக வரைய வேண்டுமா என்றும் கேட்டேன். வேண்டாம், அதை மெஷின் பக்கமே ஈடுசெய்துகொள்வார்கள், நீங்கள் வேண்டிய அளவையே வரையுங்கள் என்றார். கோப்பைத் திறந்ததும் அவர் முதலில் நீளத்தைத்தான் சரிபார்த்தார், 260 காட்டியது. டி.எக்ஸ்.எஃப். கோப்பு அங்குலமா மி.மீ.யா என்பதில் குழப்பம் வந்தால் 25.4 மடங்கு வித்தியாசத்தில் பாகம் வரும், ஆகவே எந்தக் கடையில் கொடுத்தாலும் மொத்த நீளத்தை வாயாலும் சொல்லிவிடுவது நல்லது. பிளேட்டின் எடை 2 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, வெட்டும் நீளம் சுமார் 1.4 மீட்டர், துளைத்துத் தொடங்கும் இடம் 9. இரும்போடு சேர்த்து 450 ரூபாய் வாங்கினார். போல்ட், நட், வாஷர் 120. அச்செடுத்த தாள்களுக்குச் சில்லறை. ஸ்லாட்டை டிரில்லில் வரிசையாக ஓட்டை போட்டு அரத்தால் ராவி எடுப்பதென்றால் அரை நாள் வேலை, அதுவும் நான்கும் ஒரே அளவில் வராது.

வெட்டி வந்ததை வெர்னியரில் பார்த்தேன். 11 மி.மீ. ஓட்டை மேல்பக்கம் 11.05, கீழ்ப்பக்கம் 10.85. 6 மி.மீ. தகட்டில் இந்தச் சரிவு இருக்கத்தான் செய்கிறது, போல்ட் ஓட்டைக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பேரிங் உட்கார்கிற மாதிரி துல்லியம் வேண்டிய துளை என்றால் சிறிதாக வெட்டிக் கொண்டுவந்து லேத்தில் பெரிதாக்குவேன். லேசர் தொடங்கி முடித்த இடத்தில் ஒவ்வொரு ஓட்டையிலும் சின்னக் குமிழ் ஒன்று நிற்கிறது, ரவுண்டு அரத்தில் இரண்டு இழுப்பு இழுத்தால் போய்விடும்.

அடுத்த முறைக்கு இரண்டு மாற்றம் முடிவு செய்திருக்கிறேன். ஒன்று, லேயர்கள், அளவு பாணி, ஏ 4 தாள் சட்டம், அந்த 100 மி.மீ. கோடு எல்லாம் வைத்து எனக்கென்று ஒரு டெம்ப்ளேட் கோப்பு. புத்தகத்தில் இது பின்பகுதி அத்தியாயத்தில்தான் வருகிறது, அதை முன்னால் இழுத்து மூன்றாவது பயிற்சிக்குப் பிறகே செய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. இன்னொன்று, பிளேட்டின் நடுக்கோட்டை வேறு நிறத்தில் போட்டுக் கொடுத்தால் லேசரிலேயே லேசாகக் கீறிக் கொடுப்பார்கள் என்று தெரிந்துகொண்டேன். புல்லிகளை நேர்ப்படுத்த அந்தக் கீறல் இருந்திருந்தால் நூல் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பெல்ட் திறந்தே ஓடுகிறது, பக்கத்தில் மாடும் குழந்தைகளும் நடமாடுகிற இடம். அடுத்த வேலை அதற்கு 1.6 மி.மீ. தகட்டில் மூடி. அதை வளைக்க வேண்டும், வளைவுக்கு எவ்வளவு நீளம் விட வேண்டும் என்ற கணக்கு இந்தப் புத்தகத்தில் இல்லை. பெண்டிங் கடையில் ஒரு துண்டுத் தகட்டை வெட்டி வளைத்து, முன்னும் பின்னும் அளந்து அந்த எண்ணை எடுத்துக்கொண்டுதான் வரையத் தொடங்குவேன்.